ஓதப்பள்ளி இரைச்சலும் வகுப்பறை ஸ்பீக்கரும்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வருமுன் பெற்றோரும் பழைய மாணவர்களும் இதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறோம்.

விஷயம் பலருக்கும் தெரியும். வகுப்புக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தரப் பழைய மாணவர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுப்பானாக. பிள்ளைகள் பயிற்சி செய்யும் நேரத்தில் பின்னணியில் மெதுவாக ஏதாவது ஒலித்தால் கவனம் கூடும் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார்கள். மழைச் சத்தம், கடல் அலைச் சத்தம், 'வைட் நொய்ஸ்' என்ற சீரான இரைச்சல், இப்படி எத்தனையோ இருக்கிறது. இசை வேண்டாம் என்பவர்கள், மெல்லிய கிராஅத்தைப் போடுங்கள், கவனமும் வரும் பறகத்தும் வரும் என்கிறார்கள்.

நாங்கள் வரலாறு படிப்பிக்கிற ஆட்கள். 'வேணும்', 'வேணாம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. சத்தத்துக்கு நடுவில் பிள்ளையைப் படிக்க வைப்பது யூடியூப் கண்டுபிடித்த விஷயமில்லை. நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் முதல் எழுத்தைப் படித்தோம்.

ஓதப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். அஸர் தொழுதுவிட்டு லெப்பை வந்து உட்காருவார். விறாந்தையில் பாய். ஒருவன் அலிஃப், பே சொல்லிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன் யாஸீனில் நிற்பான். மூலையில் ஒருத்தி அம்ம ஜுஸுவை முடிக்கப் போகிறாள். முப்பது பிள்ளை என்றால் முப்பது பாடம், எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாம் உரத்த குரலில். வீதியால் போகிறவருக்குத் தேன்கூட்டைத் தட்டிவிட்ட மாதிரிக் கேட்கும். ஆனால் உள்ளே இருந்த எங்களுக்கு அது தொந்தரவாகத் தெரியவே இல்லை. இன்னும் ஆச்சரியம், லெப்பை யாரோ வந்தவரோடு கதைத்துக்கொண்டிருப்பார், கண் எங்கேயோ இருக்கும். இங்கே ஒருவன் ஓதுவதை நிறுத்தினாலோ, ஒரு ஹர்கத்தை மாற்றி ஓதினாலோ, "டேய், திரும்ப ஓது" என்று குரல் வந்துவிடும். பிரம்பு பிறகு வரும்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் வருடக்கணக்கில் தங்கி, எகிப்து மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1836இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் 'குத்தாப்' என்ற சிறுவர் ஓதப்பள்ளியையும் விவரிக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உரத்து ஓதுகிறார்கள், ஓதும்போது தலையையும் உடம்பையும் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள், அப்படி ஆட்டினால் மனதில் பதியும் என்று நம்புகிறார்கள் என்று எழுதுகிறார். சத்தம் எப்படி இருக்கும் என்பதை வாசிப்பவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். நம்மூர் லெப்பையின் விறாந்தைக்கும் கெய்ரோவின் குத்தாபுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது, பிள்ளையின் முதுகாட்டம் ஒன்றுதான்.

அப்படியான கிராமத்து ஓதலில் தொடங்கி அல்அஸ்ஹர் வரை போன ஒருவர்தான், பிரித்தானியர்களுக்கு எதிராக எழுந்து தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த அறாபி பாஷா. 1892இல் கொழும்பில் மத்ரசதுஸ் ஸாஹிரா தொடங்கப்பட்டபோது அதற்குத் துணை நின்றவர். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். உரத்து ஓதி வளர்ந்த ஒரு தலைமுறை, மணி அடித்து, வாங்கில் உட்கார்ந்து, ஆசிரியர் கேட்டால் மட்டும் வாய் திறக்கும் பாடசாலையை நமக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியது. தப்பென்று சொல்லவில்லை. சித்திலெப்பை போன்றவர்கள் அதற்காகப் பாடுபட்டிராவிட்டால் இந்தப் பதிவை எழுத நாங்களும் இருந்திருக்க மாட்டோம். ஆனால் அந்த மாற்றத்தில் வகுப்பறையின் சத்தத்துக்கு என்ன நடந்தது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் சத்தத்தில்தான் நடந்தன. மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரத்துச் சொல்வார்கள், சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். 1789இல் மதராஸ் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பாடசாலைக்குப் பொறுப்பாக வந்த ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல், ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பாடசாலையில் புகுத்தினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குப் படிப்பிக்கும் முறையையும் அங்கே கட்டி எழுப்பினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். கொஞ்ச நாளில் பெல்லின் முறையும், ஜோசப் லங்காஸ்டரின் அதே மாதிரி முறையும் இங்கிலாந்தில் பரவின. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நம் பக்கத்துத் திண்ணை, கப்பலேறிப் போய் மண்டபமாக மாறியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அமெரிக்காவின் காட்டுப்புறக் கிராமங்களிலும் இதே கதை. அங்கே 'பிளாப் ஸ்கூல்' என்பார்கள், அலப்பறைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் தத்தம் பாடத்தை உரத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எவனுடைய சத்தம் நிற்கிறதோ அவன் படிக்கவில்லை என்று ஆசிரியர் பிடித்துக்கொள்வார். லெப்பையின் அதே வித்தை. கென்டக்கியிலும் இந்தியானாவிலும் அப்படிப் படித்த ஒரு பிள்ளைதான் ஆபிரகாம் லிங்கன். பெரிய சட்டத்தரணி ஆன பிறகும் காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் பத்திரிகையை உரத்து வாசிப்பாராம். கூட இருந்த சட்டத்தரணி ஹேர்ன்டனுக்கு எரிச்சலோ எரிச்சல். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கண்ணாலும் காதாலும் சேர்ந்து பிடிப்பதால் நன்றாக நினைவில் நிற்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னாராம். கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கொலின் மக்லியோட் என்ற உளவியலாளர் குழு, மௌனமாக வாசித்த சொற்களைவிட வாய்விட்டு வாசித்த சொற்கள் கூடுதலாக நினைவில் நிற்கின்றன என்று 2010இல் காட்டியது. லிங்கனும் லெப்பையும் சொன்னது அதைத்தான்.

பிறகு எப்படி வகுப்பறை மௌனமானது?

1848இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் குவின்சி பாடசாலை திறக்கப்பட்டது. அதிபர் ஜோன் பில்பிரிக். ஒவ்வொரு வகுப்புக்கும் கதவோடு தனி அறை, அப்படி 12 அறைகள். ஓர் அறையில் 56 பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் சொந்த மேசை. இன்று நாம் 'பாடசாலை' என்று மனதில் வரைகிற படம் இதுதான், அன்று இது பெரிய புதுமை. அதுவரை பாடம் பிள்ளையின் வாயில் இருந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடம். இப்போது பாடம் ஆசிரியரின் வாய்க்கு வந்துவிட்டது. ஒரு குரல் பேச ஐம்பது காதுகள் கேட்க வேண்டும். பிள்ளையின் குரல் அன்றிலிருந்து 'சத்தம்' என்ற பெயரைப் பெற்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மௌனத்தைக் கேட்டவர்கள் அதற்குரிய சுவரையும் கதவையும் சேர்த்தே கட்டினார்கள்.

நமக்கு வந்தது மௌனம் மட்டும். சுவர் வரவில்லை.

நமது பாடசாலையின் பழைய மண்டபம் உங்களுக்குத் தெரியும். நீளக் கட்டிடம், வெளிப்பக்கம் அரைச்சுவர், மேலே தகரம், சீலிங் இல்லை. ஒரே மண்டபத்தில் நாலு வகுப்பு, நடுவில் ஒரு தட்டி அல்லது ஒரு கரும்பலகை. இலங்கை முழுக்க இப்படி ஆயிரம் மண்டபங்கள் இருக்கும். இங்கே ஒரே நேரத்தில் நாலு ஆசிரியர்கள் நாலு பாடத்தை உரத்துச் சொல்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் வாயை மூடிக் கேட்க வேண்டும். ஓதப்பள்ளியின் இரைச்சலும் குவின்சியின் மௌனமும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த கூத்து இது. எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதி வைத்தார்: சுற்றிச் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். பக்கத்து வகுப்பு சேர் உயர்த்த, நாங்கள் உயர்த்த, அவர் இன்னும் உயர்த்த, வெள்ளிக்கிழமை ஆகும்போது நாலு பேருக்கும் தொண்டை இருக்காது. கொத்தமல்லி அவித்துக் குடித்தே காலம் போகிறது.

இந்த மண்டபத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன், தரம் 7இல் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இருந்தான். தட்டிக்குப் பக்கத்து இடம். பொலன்னறுவைக் காலப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டால் விழிப்பான். "கவனம் எங்கடா?" என்று ஏசினோம். பயந்து போய், "சேர், அங்கால பின்னம் நடக்குது" என்றான். பகுதி வேறாக இருந்தால் என்ன செய்து கூட்ட வேண்டும் என்று பக்கத்து வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிழையில்லாமல் சொன்னான். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம், சிரித்துவிட்டு எழும்பி நிற்க வைத்தோம். வருட இறுதியில் அவனுடைய அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று நாங்கள்தான் எழுதினோம்.

அந்த வார்த்தை எவ்வளவு பிழை என்று விளங்கியது நியூயோர்க் கதையை வாசித்த பிறகுதான்.

நியூயோர்க் நகரில் மன்ஹட்டன் பகுதியில் பி.எஸ். 98 என்று ஒரு பாடசாலை. அதன் ஒரு பக்கத்தை ஒட்டி மேம்பாலத்தில் ரயில் பாதை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் போகும், போகும் அரை நிமிடத்துக்கு ஆசிரியர் கத்தினாலும் கேட்காது. மறுபக்கத்து வகுப்பறைகள் அமைதியானவை. ஆர்லீன் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் விரிவுரையாளரிடம் படித்த ஒரு மாணவியின் பிள்ளை அந்தப் பாடசாலையில் இருந்தது. ரயில் சத்தத்தால் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று பெற்றோர் பொருமுவதை அந்தத் தாய் வந்து சொன்னார். பிரான்சாஃப்ட் அதிபரிடம் போய் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புப் புள்ளிகளையும் எடுத்து ஒப்பிட்டார். அதே பாடசாலை, அதே ஊர், அதே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் ஆறாம் தரத்துக்கு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். 1975இல் டெனிஸ் மெக்கார்த்தியோடு சேர்ந்து இதை வெளியிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. அவர் அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் நடந்தார். ரயில் நிர்வாகம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தது. கல்வி நிர்வாகம் அந்தப் பக்கத்து வகுப்புகளுக்குச் சத்தத்தை உறிஞ்சும் சீலிங் போட்டது. பிறகு மீண்டும் அளந்து 1981இல் வெளியிட்டார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மட்டத்தில் வாசித்தார்கள். பிள்ளை மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, சீலிங்கும் தண்டவாளமும்தான் மாறின.

ஜேர்மனியில் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் 1992இல் மூடப்பட்டு, வேறு இடத்தில் புதியது திறக்கப்பட்டபோதும் இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆய்வாளர்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். புதிய நிலையத்துக்குப் பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நீண்டகால நினைவும் கீழே போயின. பழைய நிலையத்துக்குப் பக்கத்துப் பிள்ளைகள் தேறி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன அளவு, பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது. கிசுகிசுப்பை விடக் கொஞ்சம்தான் கூட. நம் மண்டபத்தில் போன் செயலியை வைத்துப் பார்த்தோம். போன் சரியான கருவி இல்லை, தெரியும். இருந்தாலும் பிள்ளைகள் இல்லாத நேரத்திலேயே, வீதிச் சத்தத்தில் மட்டும், அது 35ஐத் தாண்டி நின்றது.

அப்படியென்றால் சத்தம் உதவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வெறும் புரளி என்று தள்ளிவிடவும் முடியாது.

1940 ஜூனில், உலகப் போர் நடுவில், பிபிசி வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே தினமும் இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலாளி சோர்ந்து போகாமல் இருக்க. கை வேலைக்கு அது பொருந்தலாம், அங்கே நினைவில் வைக்க ஒன்றும் இல்லை. 1993இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோஸார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்க வைத்து, அதன் பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். சற்று நேரத்துக்கு ஒருவகைப் புதிர்களில் மட்டும் புள்ளி கூடியது. படிக்கும்போது ஓடவிட்ட இசை அல்ல, சின்னப் பிள்ளைகளும் அல்ல. ஆனால் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டுக் கொடுக்க அரசுப் பணம் கேட்கும் வரை அது வளர்ந்துவிட்டது. ஒரு ஆய்வு வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வரும்போது என்ன ஆகும் என்பதற்கு வாட்ஸ்அப் வருமுன்பே நடந்த உதாரணம்.

'வைட் நொய்ஸ்' விஷயம் அதைவிடக் கனமானது. சுவீடனின் யோரான் சோடர்லுண்ட் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள் சீரான இரைச்சலில் நன்றாகச் செய்தார்கள். மூளைக்குள் மங்கலாக இருக்கும் சைகைக்கு அந்த இரைச்சல் ஒரு சிறு உந்துதல் கொடுக்கிறது என்பது அவர்களின் விளக்கம். 2010இல் 51 சாதாரண மாணவர்களை எடுத்து, கவனம் குறைந்தவர்கள், கவனம் உள்ளவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கவனம் குறைந்தவர்கள் இரைச்சலில் முன்னேறினார்கள். யூடியூபில் இதுவரைதான் சொல்வார்கள். அதே ஆய்வின் மற்றப் பாதி, கவனமாக இருந்த பிள்ளைகள் அதே இரைச்சலில் பின்னுக்குப் போனார்கள் என்பது. 2024இல் இத்துறையின் 13 ஆய்வுகளை, மொத்தம் 335 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த மீளாய்வும் இதையே சொல்கிறது. குறைபாடு உள்ளவர்களுக்குச் சிறு நன்மை, மற்றவர்களுக்குச் சிறு தீமை.

நாங்களும் வைத்துப் பார்த்தோம், மறைக்கவில்லை. தரம் 8இல் ஒரு வாரம், போனில் மழைச் சத்தம். முதல் நாள் பிள்ளைகள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். மாரி காலத்தில் தகரத்தில் மழை அடித்தால் பாடம் நின்றுவிடும் என்பதுதான் அவர்களின் அனுபவம், மழை என்றால் விளையாட்டு. மூன்றாம் நாள் பழகிவிட்டது. எப்போதும் துருதுருவென்று எழும்பித் திரியும் இரண்டு பேர் உண்மையிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி. வியாழக்கிழமைதான் முன்வாங்கில் ஒரு பிள்ளை இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு வாசிப்பதைக் கண்டோம். கேட்டதற்கு, "ஒண்டுமில்ல சேர்" என்றாள். இன்னொரு பிள்ளை நாங்கள் சொன்ன பக்க எண்ணைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு காதில் சீழ் வடிந்து கேள்வி குறைவு என்பதை அன்றுதான் அறிந்தோம். மழையை நிறுத்தினோம். அந்த இரண்டு துருதுருப் பிள்ளைகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும், அது வைத்தியரோடும் பெற்றோரோடும் கதைக்க வேண்டிய தனி விஷயம். முப்பத்தைந்து பேருக்கு ஒரே ஸ்பீக்கர் அதற்கு மருந்தாகாது.

கிராஅத் போடலாம் என்ற யோசனைக்கு வருகிறோம். இதை எழுதத் தயங்கினோம், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. சீராக ஓடும் மின்விசிறிச் சத்தம், கடலின் இரைச்சல் போன்றவற்றைக் காது சீக்கிரம் மறந்துவிடும். கடற்கரையோரம் குடியிருப்பவரிடம் கடல் கேட்கிறதா என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். ஆனால் மனிதக் குரலைக் காது மறக்காது. 1976இல் அமெரிக்காவில் கோல், வெல்ஷ் என்ற இருவர், திரையில் எழுத்துகளைக் காட்டி நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னணியில் ஜேர்மன் மொழியில் ஒருவர் வாசிப்பதை ஓடவிட்டார்கள். மாணவர்களுக்கு ஜேர்மன் தெரியாது. கவனிக்க வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. அப்படியும் பிழைகள் கூடின. சலாமே, பெட்லி என்ற இருவர் 1989இல் கண்டதும் இதற்கு இசைவானது. வாய்ப்பாட்டுத்தான் நினைவை அதிகம் குழப்பியது, வெறும் வாத்தியம் அதைவிடக் குறைவு, சொல்லற்ற இரைச்சல் குழப்பவில்லை. அர்த்தம் தெரியாவிட்டாலும் ஏற்ற இறக்கமுள்ள ஒரு குரல் மனதைத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டிப் பக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளையைப் பின்னக் கணக்கு இழுத்ததும் அப்படித்தான். ஒரு காரியின் குரல் அதைவிட அழகாக இழுக்கும். இழுக்க வேண்டும், அதற்குத்தான் அது.

குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தும்படி அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் பணிக்கிறது. அது தொழுகையில் ஓதுவதை மட்டும் குறிக்கிறதா, எல்லா ஓதலையுமா என்பதில் உலமாக்களின் பேச்சு இருக்கிறது. ஃபத்வா கொடுப்பது எங்கள் வேலையல்ல, மௌலவிமாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியராக எங்களால் சொல்ல முடிவது இவ்வளவுதான்: கிராஅத்தை ஓடவிட்டு, "அதைக் கவனிக்காதே, கணக்கைச் செய்" என்று ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் சொல்ல எங்களுக்கு நாக்கு வராது.

அப்படியானால் ஓதப்பள்ளியில் முப்பது குரலுக்கு நடுவில் எப்படி ஓதினோம்? இதற்கும் ஒரு விடை இருக்கிறது. 1995இல் பிரித்தானியாவின் டிலன் ஜோன்ஸ், பில் மெக்கன் இருவரும், பின்னணியில் ஒரு குரல் கேட்பதைவிடப் பல குரல்கள் கலந்து கேட்பது குறைவாகக் குழப்புகிறது என்று கண்டார்கள். குரல்கள் கூடக் கூடச் சொல் கரைந்து இரைச்சலாகிவிடுகிறது. முப்பது பிள்ளைகளின் ஓதல் அப்படித்தான் ஒரு கடல் மாதிரி ஆனது. அதற்கு மேலே ஒவ்வொருவரின் காதிலும் உரக்கக் கேட்டது அவரவர் சொந்தக் குரல். நாங்கள் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படிக்கவில்லை, இரைச்சலில் எங்கள் பங்கைச் செய்துகொண்டிருந்தோம். நாலு ஆசிரியரின் தெளிவான நாலு குரலை வாய்மூடிக் கேட்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை.

ஓதப்பள்ளியைப் புகழ்ந்து பழையபடி போவோம் என்று சொல்ல வரவில்லை. அங்கே பிரம்பும் இருந்தது, அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததும் இருந்தது, ஓதல் வராமல் ஓடிப்போனவர்களும் இருந்தார்கள். அவர்களின் சத்தம் நம் நினைவில் இல்லை என்பதற்காக எல்லோருக்கும் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஆகவே பழைய மாணவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய காசை மண்டபத்துக்குத் தாருங்கள். முதலில் தரம் 6, 7 பகுதிக்கு மட்டும் சீலிங். தட்டிக்குப் பதிலாகக் கூரை வரை ஒரு மறைப்பு. கதிரைக் கால்களுக்கு ரப்பர், பழைய சைக்கிள் டியூப் போதும், அதை நாங்களே வெட்டி மாட்டிக்கொள்வோம். நேரசூசியைக் கொஞ்சம் மாற்றி, ஒரு பாடவேளையில் நாலு வகுப்பும் சேர்ந்து வாய்விட்டு வாசிக்கும் நேரம் ஒன்றை வைக்கலாமா என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். நாலு வகுப்பும் ஒன்றாக வாசித்தால்தான் சரிவரும், ஒன்று வாசிக்க மற்றது கணக்குச் செய்தால் பழைய கதைதான். பத்தரைக்கு வரும் பாண் ஆட்டோக்காரத் தம்பியிடமும் கதைத்தோம். பாடசாலை மதிலைத் தாண்டும் வரை பாட்டை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். அது பீத்தோவன் என்ற ஜேர்மன்காரரின் இசை என்று சொன்னதும், "அப்ப நான் சும்மா ஆளில்ல சேர்" என்று சிரித்தார்.

கூட்டம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, மூன்று மணிக்கு. வழக்கமாக அதிபரின் காரியாலயத்தில் நடக்கும், இந்தமுறை பழைய மண்டபத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறோம். நாம் தரம் 7 பக்கத்தில் கதைக்கும்போது, தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சேர் பின்னம் படிப்பிப்பார். வருகிறவர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டாம், கடைசி வாங்கை உங்களுக்கென்றே வைத்திருக்கிறோம்.